பட்டினிச் செடி

மேலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்
உரக்கடை வைத்திருக்கிறேன்.
டி.ஏ.பி., பொட்டாஷ், யூரியா.
கரும்புக்கு ஒன்று, வாழைக்கு ஒன்று,
கடன் நோட்டில் ஆளுக்கொரு பக்கம்.
பதினோரு வருடமாக
மண்ணின் பசிக்குச் சோறு விற்கிறவள்.

என் வீட்டு மாடியில் நிற்கும் செடி
என் கடைச் சரக்கில் ஒரு பிடி தின்றால்
செத்துப்போகும்.

கப்பலில் சமைக்கும் ராயப்பன்
கேப் டவுனிலிருந்து கொண்டுவந்த விதை.
சட்டைப்பையில், மாத்திரை அட்டைக்குப் பக்கத்தில்,
பூனைமுடி ஒட்டிய மாதிரி எட்டு.
'புரோட்டியா' என்றான்.
'புரோட்டாவா?' என்றார் எதிர்க்கடை ஜைனுல் அண்ணன்,
கல்லில் மாவை வீசிக்கொண்டே.
'சால்னாவும் அதுலயே காய்க்குமா?'
அன்றிலிருந்து தெருவுக்கே அது
புரோட்டாச் செடி.

விதைக்குப் புகை காட்ட வேண்டுமாம்.
எரிந்த மலையில்தான் அது கண் விழிக்குமாம்.
வைக்கோலைக் கொளுத்தி
தகர டப்பாவில் புகையை அடைத்து
அந்தப் புகை படிந்த தண்ணீரில்
ஒரு ராத்திரி ஊறவைத்தேன்.
கீழ்வீட்டு லூர்துமேரி டீச்சர்
சிலிண்டர் வெடித்ததென்று
ஈரச்சாக்கோடு படியேறி வந்தார்.

எட்டில் மூன்று முளைத்தது.

அழகர்மலை அடிவாரத்துச் செம்மண் சரளை,
வீடு கட்டி மிஞ்சிய ஆற்றுமணல்
(இன்றைக்கு அதை வாங்க நகையை அடகு வைக்கணும்).
சாணம் கூடாது. மண்புழு உரம் கூடாது.
மீன் கழுவிய தண்ணீர் கூடவே கூடாது.
தண்ணீரே சிக்கல்தான்.
எங்கள் போர் தண்ணீரில் பருப்பு வேகாது.
கூட்டுறவு வங்கியின் ஏசி
சந்துப் பக்கம் சொட்டுவதைப்
பெயிண்ட் வாளியில் பிடித்து வருவேன்.
உப்பில்லாத, ருசியில்லாத,
யாரும் சொந்தம் கொண்டாடாத தண்ணீர்.
ஞாயிற்றுக்கிழமை வங்கி கிடையாது.
செடிக்கும் லீவு.

சேவுகன் கடையில் மூட்டை தூக்குகிறவன்.
நான் திருச்சிக்குக் கம்பெனி மீட்டிங் போன நாள்
மாடியேறிப் பார்த்திருக்கிறான்.
உரக்கடைக்காரம்மா வீட்டுச் செடி
இப்படியா வத்திப்போய் நிக்கும் என்று
கிழிந்த மூட்டையில் சிந்தியதை அள்ளி
இரண்டு கைப்பிடி, இரண்டு தொட்டிக்கு.
மூன்றாவதுக்குப் பத்தவில்லை.

பத்தாம் நாள் இலை மஞ்சளானது.
பிறகு விளிம்பு கருகியது.
பிடுங்கினேன். வேரில்
தேங்காய்ப்பூ போலிருக்கும் மெல்லிய கொத்து
கரியாகியிருந்தது.
ஒன்றுமில்லாத மண்ணில்
ஒரு துகளுக்காகத் துழாவிப் பழகிய வேர்,
போதும் என்று சொல்ல அதற்குத் தெரியாது.

திட்ட வாயெடுத்தேன்.
மதியச் சோற்றைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தான்.
'சாப்பாடு போட்டுக் கொன்னுட்டேனேம்மா.'
டிபன் பாக்ஸை நானே திறந்து
அவன் முன்னால் தள்ளிவைத்தேன்.

மூன்றாவது நின்றது.
வேரைக் கிளறாமல்
களையைக் கத்தரிக்கோலால் நறுக்கினேன்.
காற்று வரட்டும் என்று
துணிக்கொடியை மறுபக்கம் மாற்றிக் கட்டினேன்.
அக்கினி நட்சத்திரத்துக்கு
மேற்கே ஒரு பழைய வேட்டி.
அது என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

ஐந்தாம் வருட மார்கழியில் ஒரு மொட்டு.
வாழைப்பூ என்றார் டீச்சர்.
அன்னாசி என்றார் ஜைனுல் அண்ணன்.
பொங்கல் கழிந்து பாதி திறந்தது,
இளஞ்சிவப்பு ஓடுகளுக்குள்ளே
நரைத்த பஞ்சு.
மீதிப் பாதியைத் திறக்கவே இல்லை.

கம்பெனிப் பிரதிநிதி படம் எடுத்துக்கொண்டான்.
'எந்த மிக்ஸ் மேடம்? காலண்டர்ல போடலாம்.'
மார்ச் டார்கெட்டில்
இன்னும் நாற்பது மூட்டை பாக்கி.
'ஏசித் தண்ணி' என்றேன்.
நல்ல ஜோக் என்று சிரித்தான்.

சித்திரையில் பூ காய்ந்தது, உதிரவில்லை.
இலை இருக்கும் தண்டோடு வெட்ட வேண்டும்.
மொட்டைக் கட்டையில் வெட்டினால் துளிர்க்காது.
நான் கத்தரியோடு குனிந்தேன்.
தொட்டியைச் சேவுகன் பிடித்துக்கொண்டான்,
கையைக் கழுவிவிட்டு,
இரண்டு தடவை.